ஒரு சாண் உயரத்தில் நின்ற கல்

அந்தக் கல் அவசரப்பட்டு வரவில்லை. காலையில் பால் சொசைட்டிக்குக் கேனோடு போனவர்கள் அதை வெள்ளைக்கரட்டுக் குன்றுக்கு மேலே ஓர் எலுமிச்சம்பழம் போலப் பார்த்தார்கள், பள்ளிக்கூட மணி அடிக்கும்போது தேங்காய் போலத் தெரிந்தது, பரமத்தி போகிற டவுன் பஸ் வந்து திரும்பும் நேரத்துக்கு நல்ல பூசணிக்காய் போல ஊருக்கு நேர்மேலே வந்து, எந்த வாசலில் இறங்கலாம் என்று யோசிக்கிற ஆளைப் போல கொஞ்சம் தெற்கே நகர்ந்து, கொஞ்சம் மேற்கே நகர்ந்து, மறுபடியும் நடுவுக்கே வந்து நின்றது. அவரவர் வேலை அவரவருக்கு இருந்ததால் யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. டீக்கடை ரங்கநாயகி அக்கா வாசலில் காயப்போட்டிருந்த கடலைக்காயைச் சாக்கில் வாரினாள், பஞ்சாயத்துத் தலைவர் செங்கோட்டுவேல் தன் புது வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் இன்னொருத்தர் வாசலில் நிறுத்தினார், நான் கொடியில் கிடந்த என் மகள் தன்ஷிகாவின் துணிகளை ஈரமும் காய்ந்ததுமாக மொத்தமாய் உருவிக்கொண்டு உள்ளே வந்தேன். கைப்பிள்ளை வைத்திருப்பவளுக்கு வானத்திலிருந்து எது வந்தாலும் முதலில் துணிதான் ஞாபகம் வரும்.

"எந்த ஊட்டுக்கு வருதுன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்" என்றார் செங்கோட்டுவேல், நெற்றியில் கையை வைத்து அண்ணாந்தபடி.

"பயப்படாதீங்க. உங்களாட்டம் ஓட்டுக் கேக்க வரல" என்றாள் ரங்கநாயகி அக்கா.

உச்சிப்பொழுது தாண்டியதும் அது அர்த்தநாரி மாமா வீட்டு வாசலுக்கு இறங்கி, தரையைத் தொடுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றுகொண்டது. அதற்குக் கீழே கோழிக்குஞ்சுகள் போய் வந்தன. விளக்குமாற்றை விட்டுக் கூட்டலாம். ஒரு விரலால் தள்ளினால் தொட்டில் போல நகர்ந்து, விரலை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்தது. கோயிலில் வைக்கலாம் என்று தூக்கிப்போனார்கள், பள்ளிக்கூடத்தில் வைக்கலாம் என்று தூக்கிப்போனார்கள், எங்கே கொண்டுபோய் வைத்தாலும் ஒரு சாண் உயரத்திலேயே நின்றது, விட்டுவிட்டு வந்தால் சாயங்காலத்துக்குள் அர்த்தநாரி மாமா வாசலுக்குத் தானாகத் திரும்பி வந்துவிட்டது. சரி, அதற்குப் பிடித்த இடம் அது என்று ஊர் விட்டுவிட்டது.

அந்த வீட்டுக்கு வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம்தான், அந்த வீட்டு ஆட்களைத் தவிர. மாமாவின் பெண்டாட்டி பாவாயி அத்தைக்கு முகம் வெளிறிப்போனது. யார் வாசலில் ஊர் கூடக்கூடாதோ அந்த வாசலில் ஊர் கூடிவிட்டது.

அவர்கள் மகள் மைனாவதியைச் சங்ககிரிப் பக்கம் லாரி வைத்திருக்கிற வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆடி மாதம் ஒருநாள் முதல் பஸ்ஸில் ஒரு ஒயர்கூடையோடு அவள் வந்து இறங்கினாள். அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர், கூரையை எட்டாத அந்தச் சுவருக்கு மேலே இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஓடுகிற காற்று, அதனால் அத்தை தன் மகளைப் பார்த்துக் கேட்ட முதல் வார்த்தை எனக்குக் கேட்டது. "வர்ற வழியில யாராச்சும் பாத்தாங்களா?" அதற்கப்புறம் தாழ்ப்பாள் போட்ட சத்தம். அதற்கப்புறம் இது.

"அடிச்சானா?"

"இல்லம்மா."

"சோறு போடலியா?"

"போட்டாங்க."

"அப்பறம் என்னதான் கேடு?"

"யாரும் பேசலம்மா. கொழந்த இல்லைன்னு ஒரு வருசமா அந்த ஊட்டுல எங்கிட்ட ஒருத்தரும் பேசறதில்ல. பேரு சொல்லிக் கூப்பிட்டே ஒரு வருசமாச்சு."

"பேசலைன்னா காதா நோகுது" என்றாள் அத்தை.

அன்றிலிருந்து மைனாவதி தானியம் கொட்டி வைக்கிற உள்ளறையில் இருந்தாள். ஊர்க் கணக்கில் அவள் சங்ககிரியில் இருந்தாள். கல்யாண வீடுகளில் "மைனா வரலீங்களா?" என்று கேட்டவர்களுக்கு, "மாமியாளுக்கு முழங்கால் வலி, விட்டுட்டு வர முடியல" என்று அத்தை பதில் சொன்னாள், அதைக் கேட்டுக்கொண்ட எல்லோருக்கும் அது பொய் என்று தெரியும். எப்படித் தெரியாமல் இருக்கும்? சர்க்கரை வியாதிக்காரரான அர்த்தநாரி மாமா வாரம் தவறாமல் தேன்மிட்டாய் வாங்கினார், ரங்கநாயகி அக்கா பொட்டலம் கட்டிக் கொடுத்தாளே தவிர, யாருக்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வதுதான் ஒரு குடும்பத்துக்குச் செய்கிற மரியாதை என்று எங்கள் ஊரில் எல்லோரும் நினைத்திருந்தோம். அந்த மரியாதையை ஆடியிலிருந்து ஐப்பசி வரைக்கும் குறைவில்லாமல் செய்தோம்.

கல் வந்த வாரத்திலேயே சேலத்திலிருந்து ரெஹானா மேடம் வந்தார். காலேஜில் கல், மண் பற்றிய பாடம் எடுக்கிறவர், முன்பும் இரண்டு தடவை எங்கள் கரட்டில் கல் உடைக்க வந்து ரங்கநாயகி அக்கா கடையில் போண்டா சாப்பிட்டவர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், காந்தம் வைத்துப் பார்த்தார், ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு சில்லு வெட்டிக்கொண்டார். கல் ஒரு சாண் உயரத்தில் நிற்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, வேறு ஒன்றுதான் அவருக்கு உறுத்தியது.

"வானத்துலருந்து விழற கல்லுக்கு மேல்தோல் உருகிக் கருத்துப்போயிருக்கணும். இது கருகவே இல்லையே" என்றார்.

"மெதுவாத்தானுங்க வந்துச்சு. காத்தால கெளம்பி மத்தியானம் வந்து சேந்துச்சு" என்றோம்.

"அப்பச் சரி" என்று எழுதிக்கொண்டார்.

அவர் போன அன்றைக்கே சாயங்காலம் அத்தை சங்ககிரிக்குப் போன் பேசியது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. "வர்ற வெள்ளிக்கெழம உச்சிப்பொழுதுல வந்தீங்கன்னா எல்லாரும் காட்டு வேலைக்குப் போயிருப்பாங்க சம்பந்தி. சத்தமில்லாமக் கூட்டிட்டுப் போயிருங்க. தப்புதான், புத்தி சொல்லித்தான் அனுப்பறேன்." நான் தன்ஷிகாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன், அவள் துப்பத் துப்ப ஊட்டிக்கொண்டே இருந்தேன், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று மட்டும் நினைத்தேன்.

ரெஹானா மேடம் புதன்கிழமை சில்லின் ரிசல்ட்டோடு திரும்பி வந்தார். வாசல் நிறையக் கூட்டம். அவர் கரட்டிலிருந்து உடைத்த ஒரு துண்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறுகையால் மிதக்கிற கல்லைத் தொட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொன்னார். இது நிலாக் கல். இரும்பும் மாங்கனீசும் எந்த அளவில் கலந்திருக்கிறது என்று பார்த்தால் எங்கே பிறந்த கல் என்று தெரிந்துவிடும், இது நிலாவின் மேட்டு நிலத்தில் பிறந்தது. இதில் முக்கால்வாசிக்கு மேல் சுண்ணாம்புச்சத்து நிறைந்த ஒரு வெள்ளைக் கனிமம். நிலாவில் வெளுப்பாகத் தெரிகிற இடமெல்லாம் அதுதான். உங்கள் வெள்ளைக்கரடு முழுக்கவும் அதே கனிமம்தான், உலகத்தில் இது இவ்வளவு சுத்தமாகக் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம்தான்.

"அப்ப நிலாவும் எங்க கரடும் ஒண்ணுங்களா?" என்று செங்கோட்டுவேல் கேட்டார்.

"ஒரே வயித்துல பொறந்ததுன்னு வச்சுக்கங்க. உலகம் ரொம்ப எளசா இருந்தப்ப இன்னொரு பெரிய உருண்டை வந்து மோதி, தெறிச்சதெல்லாம் சேந்து நிலா ஆச்சுன்னு சொல்றாங்க. இதுல இருக்கற பிராணவாயு கூட நம்ம மண்ணுல இருக்கற அதே ரகம்."

கூட்டத்தில் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்தது. ரங்கநாயகி அக்காதான் வாய்விட்டுச் சொன்னாள். "அப்ப இங்கிருந்து போனவதான். பொறந்த ஊட்டுக்கு வந்திருக்கா."

"அதனாலதான் எங்க தூக்கிப் போனாலும் இந்த வாசலுக்கே வர்றா" என்றார்கள். கல் அந்த நிமிடத்திலிருந்து அவள் ஆனாள்.

"இங்க பாருங்க" என்று மேடம் கல்லின் வெட்டுப்பட்ட முகத்தைக் காட்டினார். வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள், நடுவில் சாம்பல் நிறத்தில் கண்ணாடி போல ஒன்று. "இது ஒரே கல் இல்லை. அடி மேல அடி வாங்கி, நொறுங்கி, அந்தச் சூட்டுலயே உருகி மறுபடியும் ஒட்டிக்கிட்டது. அங்க அப்படித்தான், எதுவாவது வந்து மோதிக்கிட்டே இருக்கும், தடுக்கக் காத்துகூடக் கிடையாது."

"அடிபட்டுத்தான் வந்திருக்குது கொழந்த" என்றாள் ஒருத்தி, முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

"உங்க கரட்டுக் கல்லுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. உங்க கல்லுல இந்தக் கருப்புப் புள்ளி இருக்கு பாருங்க, இதுக்குள்ள கொஞ்சம் தண்ணி கட்டிக்கிடக்கு. நிலாக் கல்லுல அது இல்ல. தண்ணியே படாத கல். இரும்புத் துகள் இருக்கு, அத்தனை கோடி வருசத்துல துருப்பிடிக்கல."

எங்கள் பக்கம் யார் வீட்டுப் படியேறினாலும், ஆகாத பங்காளியாகவே இருந்தாலும், முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சண்டையே போடுவார்கள்.

"அத்தன கோடி வருசமா" என்றாள் ரங்கநாயகி அக்கா மெதுவாக, "போன எடத்துல ஒரு வாய் தண்ணி குடுக்கலியா."

மறுநாள் வியாழக்கிழமை ஒருவரும் காட்டுக்குப் போகவில்லை. பெண்கள் ஆளுக்கொரு சொம்போடு வந்தார்கள், கிணற்றுத் தண்ணீர், போர்த் தண்ணீர், காவிரித் தண்ணீர், ஊற்ற ஊற்றக் கல் சத்தமில்லாமல் குடித்தது, கீழே ஒரு சொட்டு விழவில்லை. மஞ்சள் பூசினார்கள், பொட்டு வைத்தார்கள், ஆரத்தி எடுத்தார்கள், வளையல் போடக் கையில்லாததால் வளையலைச் சுற்றிலும் அடுக்கினார்கள், கச்சாயம் சுட்டுக் கொண்டுவந்து ஊட்டுகிற மாதிரி அதன் பக்கத்தில் பிட்டுப் பிட்டு வைத்தார்கள். பிறந்த வீட்டுக்கு வந்தவளிடம் என்னவெல்லாம் சொல்லவேண்டுமோ அத்தனையும் சொன்னார்கள். வா கண்ணு. எளச்சுப் போயிட்டயே அம்மிணி. எத்தன நாளு வேணுமோ இரு, யாரு கேக்கறது, இது உன்ற ஊடு. கூட்டம் வாசலில் அடங்காமல் வீட்டுக்குள்ளும் நிறைந்தது, எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதால் பாவாயி அத்தையின் குரல்தான் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது. "இரு சாமி, இரு. நாங்க இருக்கற வரைக்கும் உனக்கென்ன கொற."

சீர்த்தட்டுகளை உள்ளே எடுத்து வைக்கிற வேலை எனக்கு. உள்ளறைக் கதவின் அடியில் இடுக்கு உண்டு, அந்த இடுக்கில் இரண்டு காலின் விரல்கள் தெரிந்தன. மெட்டி போட்ட கால். கதவோடு கதவாக ஒட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாரும் பார்த்தால் அத்தைக்குத் தலைகுனிவாகிவிடுமே என்று, பழத்தட்டு ஒன்றை எடுத்து அந்த இடுக்குக்கு முன்னால் வைத்து மறைத்தேன். அந்த நேரத்தில் அது நல்ல காரியமாகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்கு முன்னாலேயே எங்கோ தூரத்து ஊரின் பெரிய ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு வேன் வந்தது. நாலு ஆட்கள், பஞ்சு மெத்தை போட்ட ஒரு பெட்டி, கூடவே ரெஹானா மேடம். கல்லை எடுத்துப்போகவேண்டும் என்றார்கள், அரசாங்க முத்திரை வைத்த தாளைக் காட்டினார்கள். ஊர் மொத்தமும் வேனுக்கும் கல்லுக்கும் நடுவில் வந்து நின்றது.

"பொறந்த ஊட்டுக்கு வந்த பொண்ணுங்க. நெனச்சா வந்து கூட்டிட்டுப் போறதுக்கு என்ன ஆட்டுக்குட்டியா?" என்றார் செங்கோட்டுவேல்.

"அவ அடிபட்டு வந்திருக்கா, உங்களுக்கே தெரியும். நீங்கதான சொன்னீங்க" என்று ரங்கநாயகி அக்கா மேடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

பாவாயி அத்தை முன்னால் வந்தாள். இரண்டு நாளாக நிலாவுக்கே தாயாக இருந்தவள், அந்தத் தோரணை இன்னும் உடம்பில் இருந்தது. "அவளா எந்திரிச்சுப் போறேன்னு சொல்ற வரைக்கும் என்ற வாசப்படியிலிருந்து ஒருத்தரும் அவள எழுப்ப முடியாது. வந்தவள அனுப்பி வைக்கற குடும்பம் இல்ல இது" என்றாள்.

அப்போதுதான் வேனுக்குப் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. சந்து குறுகல், வேன் அடைத்துக்கொண்டு நின்றதால் வெள்ளைக் கார் ஒன்று உள்ளே வர முடியாமல் நின்றது. கதவு திறந்தது. மைனாவதியின் மாமியார் குஞ்சம்மா இறங்கினார், பட்டுச்சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேனுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்து வந்தார். மாப்பிள்ளை காரிலேயே உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் வலி என்று நாங்கள் கேள்விப்பட்டிருந்த அந்த அம்மாள் நன்றாகத்தான் நடந்தார்.

காட்டுக்குப் போயிருக்கவேண்டிய ஊர் முழுக்க வாசலில் நின்றது. எல்லோருக்கும் அவர் யாரென்று தெரியும், எதற்கு வந்திருக்கிறார் என்றும் தெரியும், எல்லோரும் ஒரே சமயத்தில் தரையைப் பார்த்தோம். பழகிப்போன மரியாதை.

"சம்பந்தி நல்லாப் பேசறீங்க" என்றார் குஞ்சம்மா. சத்தம் போடவில்லை, சிரித்த முகமாகவே சொன்னார். "காருக்குள்ள வரைக்கும் கேட்டுச்சு. கல்லுக்கு இத்தன பேசறீங்க, பெத்த புள்ளைக்கு ஊர்ல எடமில்ல, சத்தமில்லாமக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு எங்களுக்குப் போன் போட்டீங்க. ஆளுக மொகத்துல முழிக்க வேண்டாமுன்னு உச்சிப்பொழுதுக்கு வரச் சொன்னீங்க. இங்க என்னடான்னா திருவிழாவாட்டம் இருக்குது. எங்க அவ?"

ஓட்டுக் கேட்க மட்டும் வாய் இருக்கிறது என்று தினமும் தலைவரைக் கிண்டல் செய்கிற ரங்கநாயகி அக்காவுக்குக்கூட அப்போது வாயில்லை.

உள்ளறைக் கதவு திறந்தது. மைனாவதி ஒயர்கூடையோடு வெளியே வந்தாள். இத்தனை மாதம் வெயில் படாததில் கரட்டுக் கல்லைப் போல வெளுத்திருந்தாள், வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள். வாசலில் நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள், எல்லா முகமும் அவளுக்குத் தெரிந்த முகம்தான். நாங்கள் நிமிரவில்லை. கல்லைச் சுற்றி அடுக்கியிருந்த வளையல்களைக் கால் படாமல் தாண்டி வந்தாள்.

"நான் போறேன் பெரியம்மா" என்று ரங்கநாயகி அக்காவிடம்தான் சொன்னாள். "அவ இருக்கட்டும். நேத்து நீங்க சொன்னதெல்லாம் உள்ள நல்லாக் கேட்டுச்சு. எனக்கும் சேத்தித்தான் சொல்றீங்களோன்னு கொஞ்ச நேரம் நெனச்சுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்போம்.

அர்த்தநாரி மாமா, கல் வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர், வந்து மகளின் கையிலிருந்த கூடையை வாங்கினார். காருக்குக் கொண்டுபோகத்தான் வாங்குகிறார் என்று குஞ்சம்மா வழிவிட்டு நின்றார். மாமா கூடையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார், எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவர் போலப் பெண்டாட்டியைப் பார்த்தார்.

பாவாயி அத்தை அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை மூடவில்லை, அழவும் இல்லை. முகமெல்லாம் அடிபட்டது போலச் சிவந்திருக்க, ஊரே பார்க்கும்படி உட்கார்ந்திருந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல், தன் மடியைப் பார்த்துச் சொன்னாள். "நான் போன் பண்ணுனது தப்புங்க சம்பந்தி. எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதான் பண்ணுனேன். இப்பத்தான் வெக்கம்னா என்னன்னு தெரியுது. எம்புள்ள வரமாட்டா. நீங்க போங்க."

"ஊரு முன்னால சொல்லீட்டீங்க. நாளைக்கு மாத்திப் பேசக்கூடாது" என்றார் குஞ்சம்மா.

"மாத்த மாட்டேன்."

அத்தை அதைச் சொல்லி முடித்த நேரத்தில் கல் தரையில் உட்கார்ந்தது. பெரிய சத்தமில்லை, நெல்மூட்டை இறக்குகிற மாதிரி ஒரு சத்தம், கொஞ்சம் புழுதி. அடியில் நின்ற கோழிக்குஞ்சு ஒன்று சரியான நேரத்துக்கு ஓடிவிட்டது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அதற்குள் குஞ்சம்மா மறுபடியும் ஒருக்களித்து நடந்து காருக்குப் போயிருந்தார், மாப்பிள்ளை போனிலிருந்து தலையை எடுத்து என்ன என்று கேட்டது தெரிந்தது, கார் பின்பக்கமாகவே சந்திலிருந்து வெளியே போனது.

அப்புறம் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. வேன்காரர்கள்தான் தயங்கித் தயங்கி, "எடுத்துக்கலாமுங்களா?" என்று கேட்டார்கள். செங்கோட்டுவேல் எங்களைப் பார்த்தார், நாங்கள் அவரைப் பார்த்தோம். நேற்று அதனிடம் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அதன் மேல் பூசிய மஞ்சளோடு அப்படியே ஒட்டியிருந்தது. அதை வாசலில் வைத்துக்கொண்டு தினமும் அந்த வழியாகப் போய் வர எங்களால் முடியாது. "எடுத்துக்கங்க" என்றார் தலைவர், வேறு பக்கம் திரும்பிக்கொண்டு.

ஒரு விரலுக்கு நகர்ந்த கல் இப்போது நாலு பேருக்கு அசையவில்லை. ஆண்கள் சேர்ந்தார்கள், போதவில்லை, பெண்களும் சேர்ந்தோம். பேசாமல் தூக்கினோம், எல்லோருக்கும் கையில் ஏதாவது வேலை இருந்தால் தேவலை என்றிருந்தது. வேனில் ஏற்றியதும் பின்சக்கரம் மண்ணில் புதைந்துவிட்டது, தள்ளவேண்டும் என்றார்கள். என் இடுப்பில் தன்ஷிகா. யாரிடம் கொடுக்கலாம் என்று திரும்பினேன், எல்லோர் கையும் வேனில் இருந்தது, சும்மா நின்றது ஓர் ஆள்தான். வாசல் நடுவில், வளையல்களுக்குப் பக்கத்தில், நிற்பதா உள்ளே போவதா என்று தெரியாமல்.

"மைனாக்கா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடியும் கூப்பிட்டேன். "மைனாக்கா, இவளச் சித்தெ புடிங்க. புது ஆளுன்னா அழுவா, பயந்துக்காதீங்க, இவ பேரு வந்து..."

"தன்ஷிகா" என்றாள் அவள், கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டே. "அழ மாட்டா. தெனமும் சாயங்காலம் ஊட்டறப்ப முருங்கக்கீரையத் துப்புவா, நீ 'முழுங்குடி என்ற ராசாத்தி'ம்ப, அப்பறம் முதுகுல ஒண்ணு வெப்ப. சொவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து நானும் எத்தனையோ நாளு சொல்லியிருக்கேன், வேண்டாண்டி அடிக்காதேன்னு. உனக்குக் கேட்டிருக்குமே."

கேட்டிருந்தது. நான் வேனின் பின்பக்கம் போய், மற்றவர்களோடு சேர்ந்து, தலையைக் குனிந்துகொண்டு தள்ளினேன்.